ட்ராக் டேக்குப் போகும் ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் எதை மாற்றுவது?

ட்ராக் டே என்பது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் வேகமாக ஓட்டிப் பழகும் நாள், போட்டி அல்ல. கொழும்பிலிருந்து கட்டுக்குருந்த தடத்துக்குக் காரைக் கொண்டுபோகிறவர்கள் எக்ஸோஸ்ட், டர்போ எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். முதல் செலவு பிரேக் ஒயிலுக்குத்தான்.

பெடலை அழுத்தும் விசையைச் சக்கரத்திலுள்ள பிரேக்குக்குக் கொண்டுபோவது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொழும்புப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். டொட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய பிரேக் ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறினால் அது 155 அளவுக்கு இறங்கிவிடலாம். வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தும்போது ஒயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். முனையை அடைத்த சிரிஞ்சில் தண்ணீர் இருந்தால் தள்ள முடியாது, காற்று இருந்தால் அமுங்கிவிடும் அல்லவா? அப்படித்தான் பெடலும் தரைவரை போய்விடும், கார் நிற்காது. அடுத்தது வெப்பம் தாங்கும் பிரேக் பேட், பிறகு டயர்.

எண் பெரிது என்று டொட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கன் வகை, டொட் 4 உடன் கலக்கவே கூடாது.