கேள்வி – பதில்: ஹீட் பம்ப் டிரையரா, ஹீட்டர் டிரையரா?

கேள்வி: டிரையர் வாங்கப் போகிறோம். ஹீட் பம்ப் வகைக்கு விலை மிகவும் கூடுதலாக இருக்கிறது. எல்லாமே சூடான காற்றில்தானே துணியைக் காய வைக்கின்றன, அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வரும் காற்றை மெஷின் என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். வென்ட் டிரையர் அதைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். கண்டென்சர் டிரையர் அதை அறைக்காற்றால் குளிரவைத்து, நீரைப் பிரித்துத் தொட்டியில் சேர்க்கும். வெப்பம் அறைக்குள் போய்விடும். ஹீட்டர் வகையான இந்த இரண்டிலுமே கொடுத்த வெப்பம் கையைவிட்டுப் போகிறது. அதனால் 2,000 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும் ஹீட்டர் காயில் புதிது புதிதாகச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹீட் பம்பில் ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரசர் இருக்கிறது. ஈரக்காற்று முதலில் குளிர்ந்த காயிலைக் கடக்கும்போது நீராவி நீராகி வடிகிறது. அப்போது வெளிப்படும் வெப்பத்தை, குழாய்களுக்குள் சுற்றும் குளிரூட்டி கேஸ் உறிஞ்சி, சூடான காயிலுக்குக் கொண்டுபோய், அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரே வெப்பம் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது.

கணக்காகப் பார்த்தால், 1 லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.65 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வேண்டும். நன்றாகப் பிழிந்த 8 கிலோ துணியில் சுமார் 4.5 லிட்டர் நீர் தங்கியிருக்கும். ஆவியாக்க மட்டுமே 3 யூனிட் ஆகிறது. அதனால் ஹீட்டர் டிரையர் நடைமுறையில் 4 முதல் 5 யூனிட் வரை எடுக்கும். ஹீட் பம்ப் அதே வேலையை ஏறத்தாழ 2 யூனிட்டில் முடித்துவிடும்.

விட்டுக்கொடுக்க வேண்டியது நேரத்தை. ஹீட்டர் வகை ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பதை, 50–60 டிகிரியில் ஓடும் ஹீட் பம்ப் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் முடிக்கும். அந்த மிதமான சூடு துணிக்கு நல்லது. எலாஸ்டிக் தளராது, பருத்தி குறைவாகச் சுருங்கும். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு லோடு ஒரே நாளில் முடித்தாக வேண்டிய வீட்டுக்கு மட்டும் இந்த வேகம் நிச்சயம் தொல்லைதான்.

கேள்வி: கூடுதலாகக் கொடுக்கும் விலை திரும்பி வருமா?

பதில்: ஒரு லோடுக்கு 2.5 யூனிட் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 4 லோடு என்றால் ஆண்டுக்கு 520 யூனிட். அதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, இரண்டு மெஷின்களின் விலை வித்தியாசத்தை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை ஆண்டு என்று கிடைக்கும். விடை 5-க்குள் வந்தால் தயங்காமல் ஹீட் பம்ப் வாங்கலாம். 10-ஐத் தாண்டினால் நாங்கள் வேண்டாம் என்போம். ஹீட்டர் டிரையரில் காயில், தெர்மோஸ்டாட், பெல்ட் என்று எது போனாலும் தனியாக மாற்றிவிடலாம். ஹீட் பம்பில் கேஸ் சுற்றிலோ கம்ப்ரசரிலோ கோளாறு வந்தால் செலவு பெரிது. மாதம் இரண்டு மூன்று முறை மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஹீட்டர் வகையே போதும்.

எந்த வகையானாலும், முதலில் வாஷிங் மெஷினின் ஸ்பின்னைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் பிழிந்த துணியில் அதன் உலர்ந்த எடையில் சுமார் 60 சதவீதம் நீர் இருக்கும். 1,400 சுற்றில் சுமார் 50 சதவீதம். 8 கிலோவுக்கு 0.8 லிட்டர் குறைகிறது. இதற்குப் பைசா செலவில்லை.

கேள்வி: எங்கள் ஹீட் பம்ப் டிரையர் முன்பு இரண்டேகால் மணி நேரத்தில் முடிக்கும். இரண்டு ஆண்டுக்குப் பிறகு மூன்றே முக்கால் மணி நேரம் ஓடியும் ஈரம் போவதில்லை. ஃபில்டரை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்கிறோம். மெக்கானிக் கேஸ் குறைந்திருக்கும் என்கிறார்.

பதில்: கேஸுக்குப் போகும் முன் காற்றோட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி பஞ்சுதான்.

ஃபில்டரைக் கழற்றி வலைமேல் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் இறங்காமல் நின்றால், துணி மென்மையாக்கியின் படலம் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்திருக்கிறது. கையால் வழித்தால் அது போகாது. வெந்நீரில் மென்மையான பிரஷால் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டு, கீழ்க்கதவைத் திறங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் அதையும் கழுவுங்கள். அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள் தெரியும். அதுதான் குளிர்ந்த காயில். தகடு ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, பிரஷ் முனை மாட்டிய வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். கையுறை போடுங்கள், ஓரம் பிளேடு போல வெட்டும்.

இங்கே பஞ்சு படிந்தால் காற்று குறையும். காயிலுக்கு வெப்பம் போதாது, நீரும் சரியாக வடியாது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், துணி மட்டும் காயாது. ‘தானே சுத்தம் செய்துகொள்ளும்’ மாடல்கள் வடிந்த நீரையே காயில்மேல் பீய்ச்சுகின்றன. நனைந்த பஞ்சு கூழாகி உள்ளே தங்கினால், மெஷினைப் பிரிக்காமல் எடுக்க வழியில்லை. வாங்கும்போதே காயிலைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கீழ்க்கதவு இருக்கும் மாடலையே நாங்கள் சொல்வோம்.

அறையையும் பாருங்கள். 5 முதல் 35 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கதவு மூடிய அலமாரிக்குள் வைத்தால் மெஷின் தன் சூட்டிலேயே திணறும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அரை மணி நேரம் ஓடியபின்னும் டிரம் வெதுவெதுப்பாகவில்லை, தொட்டியிலும் நீர் சேரவில்லை, ஆனால் கம்ப்ரசர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். அது சீல் செய்த சுற்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது; கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். லேபிளில் ஆர்290 என்றிருந்தால் உள்ளே இருப்பது புரொப்பேன், தீப்பற்றும். பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

கேள்வி: வீடு மாற்றும்போது ஹீட் பம்ப் டிரையரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உடனே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். நிமிர்த்தி வைத்து 24 மணி நேரம் விடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அது திரும்பி இறங்கும் முன் ஓட்டினால் கம்ப்ரசரே போய்விடலாம். ஹீட்டர் வகைக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: ‘முடிந்தது’ என்று காட்டுகிறது, ஜீன்ஸ் இடுப்புப் பட்டி மட்டும் ஈரமாகவே இருக்கிறது.

பதில்: டிரம்மின் வாயருகே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டையும் தொடும்போது பாயும் மின்சாரத்தை வைத்துத்தான் மெஷின் ஈரத்தை அறிகிறது. பட்டைமேல் படலம் படிந்தால் காயாத துணியையும் காய்ந்ததாக எண்ணிவிடும். வினிகர் நனைத்த துணியால் துடையுங்கள். மெல்லிய சட்டைகளோடு ஜீன்ஸைக் கலக்காதீர்கள். ஒன்றிரண்டு துணி மட்டும் போட்டாலும் பட்டையைச் சரியாகத் தொடாமல் இதே பிழை வரும்.

கேள்வி: வென்ட் டிரையருக்கு வளையும் ஃபாயில் குழாயை நீளமாக இழுத்து ஜன்னல் வரை விட்டிருக்கிறோம். சரியா?

பதில்: சரியில்லை, மாற்றிவிடுங்கள். மடிப்புகளில் பஞ்சு தங்கும், சூடு ஏறும், தீப்பிடிக்கும். வழவழப்பான உலோகக் குழாய், 100 மில்லிமீட்டர் விட்டம், எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் ஒன்றரை மீட்டர் நீளத்தைக் கூட்டியது போலத் தடுக்கும். குழாயின் வெளிமுனையில் தானே மூடும் தடுப்பு போதும். கம்பிவலை போட்டால் பஞ்சு அடைக்கும்.

சமையல் எண்ணெயோ பெயின்ட் தின்னரோ பட்ட துணியை, துவைத்திருந்தாலும், எந்த டிரையரிலும் போடாதீர்கள். எண்ணெய் மிச்சம் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளும். கடைசியில் சூடில்லாமல் சுற்றும் நேரம் துணியை ஆறவைக்கத்தான். அதற்குள் நிறுத்த நேர்ந்தால் துணியை உடனே எடுத்து விரித்துப் போடுங்கள், குவித்து வைக்க வேண்டாம்.