டவாவில் சோறு கிடைக்குமா?

கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிலிப்பைன்ஸில் டவாவ் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளம்புகிறார். மனைவி முட்டைகூடத் தொடாதவர், மகளுக்கு நாலு வயது. "அண்ணே, அங்கே சோறு கிடைக்குமா, மனிதர்கள் எப்படி, நம்ம பண்டிகையெல்லாம் கொண்டாட முடியுமா?" என்பது கேள்வி. நான் சின்னமனூர்க்காரன். இதே வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஓடிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சோற்றிலிருந்தே ஆரம்பிப்போம் தம்பி. பிலிப்பைன்ஸ் என்றதும் மணிலாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். டவாவ் தெற்கே மிண்டனாவோ தீவில் இருக்கிறது. இங்கே வீட்டிலும் சந்தையிலும் பேசுவது பிசாயா. அந்த மொழியில் நெல்லுக்கு ஹுமாய், அரிசிக்கு புகாஸ், சோற்றுக்கு கன்-ஒன். கஞ்சி லுகாவ். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி எடுத்தால் அது துகோட். ராத்திரி மிஞ்சிய பழைய சோறு பஹாவ். எல்லாவற்றையும் ஒரே 'ரைஸ்'-க்குள் அடைக்கும் இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஆறு மாதம் தடுமாறினேன். இந்த ஆறு சொல்லையும் கற்றுக்கொண்ட பிறகுதான் ஊர் பிடிபட்டது. மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர் இது. கோழி வறுவல் விற்கும் ஜாலிபீயில்கூடச் சோறு வைத்துத்தான் தருவார்கள்.

அதனால் சோறு கிடைக்கும், பிரச்சினை குழம்பில்தான். காரம் கிடையாது. புளிப்புக்குத் தென்னங்கள்ளில் எடுத்த காடி. ரசம், சாம்பார் மாதிரி எதையாவது தேடினால் ஏமாற்றம்தான். பச்சை மீனைக் காடியில் ஊறவைத்து இஞ்சி, வெங்காயம் போட்டு 'கினிலாவ்' என்று தருவார்கள். அதோடு சுட்ட பன்றி இறைச்சியையும் கலந்தால் 'சினுக்லாவ்'. அசைவம் சாப்பிடுகிற எனக்கே பச்சை மீனை வாயில் வைக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது சனிக்கிழமை அது இல்லாவிட்டால் என்னவோ போல இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு முக்கியமான விஷயம் ஒன்று. 'லாவ்-உய்' என்று ஒரு காய்கறிச் சாறு உண்டு. பூசணி, வெண்டை, கத்தரி, மேலே ஒரு கை முருங்கைக்கீரை. முருங்கைக்கு இங்கே பெயர் மலுங்காய். நம் சொல்தான் கடல் தாண்டி வந்து கொஞ்சம் உருமாறியிருக்கிறது என்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அந்தக் கீரையைத்தான் கொடுக்கிறார்கள், நம் பாட்டிமார் மாதிரியே. காயைச் சீண்டுவதில்லை. எங்கள் தெரு முருங்கையில் காய் முற்றிக் காய்ந்து தொங்கும். நான் கேட்டுப் பறித்துக்கொண்டு வருவேன், பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

இந்த லாவ்-உய் பார்க்கச் சுத்த சைவம். உள்ளே கருவாடோ 'கினாமோஸ்' என்கிற மீன் விழுதோ போட்டிருப்பார்கள். என் மனைவி வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் "கறி வேண்டாம், வெறும் காய்தான்" என்று நான் மூன்று தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கிண்ணத்தில் இரண்டு இறால் மிதந்தது. கேட்டால் அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சிரித்து "பாரா லாமி" என்றது. ருசிக்காகவாம்! ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை, வெறும் காயை யாராவது காசு கொடுத்துச் சாப்பிடுவார்களா என்ற பரிதாபம். ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: வாலாய் கார்னே, வாலாய் இஸ்தா, வாலாய் கினாமோஸ். கறி, மீன், மீன் விழுது எதுவும் கூடாது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைகளில் பச்சைப்பயறு வேகவைப்பது இந்த நாட்டு வழக்கம். அதிலும் இதே எச்சரிக்கை.

பங்கெரோஹான் சந்தைக்கு விடிகாலையில் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். ஊரின் பெரிய காய்கறிச் சந்தை அதுதான். இஞ்சியும் தேங்காய்ப்பாலும் விட்டு அவித்த ஒட்டரிசிச் சோற்றை வாழையிலையில் வைத்து 'புத்தோ மாயா' என்று விற்பார்கள். தொட்டுக்கொள்ள மாம்பழம், குடிக்க 'சிக்வாத்தே'. சுற்றுவட்டாரத்தில் விளையும் கொக்கோவை வறுத்து அரைத்துக் காய்ச்சிய கெட்டிப் பானம் அது. முழுச் சைவம். என் மனைவிக்கு இந்த ஊரோடு சமாதானம் ஆனது அந்தப் பெஞ்சில்தான். மரனாவோ முஸ்லிம்களின் கடைகளில் 'பலாபா' கேளுங்கள். ஒருவகை வெங்காயத்தாள், இஞ்சி, மிளகாய் இடித்து, வறுத்த தேங்காய் சேர்த்தது. சூடான சோற்றில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தால் நம் துவையல் மாதிரியே இருக்கும், காரமும் உண்டு. பாட்டிலில் வாங்கினால் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

வாழைக்காரரான உங்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் வேலை பார்க்கப்போகும் கேவண்டிஷ் ரக வாழை, பெட்டியில் ஏறி ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போய்விடும். ஊர்க்காரர்கள் தின்பது லகாதான், லதுந்தான், சுட்டும் பொரித்தும் தின்ன கர்தபா. அந்த லதுந்தானை உரித்து ஒரு கடி கடித்துப் பாருங்கள், நம் ரஸ்தாளி! லெதொந்தால் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்டதால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். சாயங்காலம் தெருமுனையில் கர்தபாவைக் கரியில் சுட்டு, மார்கரின் தடவி, சர்க்கரை தூவி 'கினங்காங்' விற்பார்கள். உங்கள் மகள் அதற்கு அடிமையாகிவிடுவாள், சொல்லிவைக்கிறேன்.

நெடி தூக்கும் டுரியன் பழம் பற்றி அவரவர் மூக்கு பாடு. ஹோட்டலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மக்சாய்சாய் பூங்கா பக்கத்துக் கடைகளிலேயே உடைத்துத் தரச் சொல்லி நின்றபடி தின்றுவிடுங்கள். முதல் தடவை என்றால் 'புயாட்' ரகம் கேளுங்கள்.

மனிதர்கள். "சாப்பிட்டாயா" என்பதுதான் இங்கும் விசாரிப்பு. யாராவது சாப்பிடும்போது நீங்கள் கடந்துபோனால் "காஓன் தா" என்பார்கள், வாங்க சாப்பிடலாம் என்று. வந்த முதல் வாரம் அலுவலகத்தில் ஒருவர் அப்படிச் சொல்ல, நான் நிஜமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாவம், தன் டப்பாவில் பாதியை எனக்குத் தள்ளினார். நம் ஊரில் சொல்கிற மாதிரிதான் அது. "சாலாமாத், புசோக் பா கோ", நன்றி, வயிறு நிறைந்திருக்கிறது என்று நகர்ந்துவிட வேண்டும். பெரியவர்களைப் பார்த்தால் குழந்தைகள் அவர்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டால் தெருவே அவளுக்குப் பாட்டி வீடு.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். இந்தியர் யாரானாலும் 'பும்பாய்'. பஞ்சாபிகள் பலர் பல காலமாக மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் வட்டிக்கு விடுகிறார்கள். ஐந்து வாங்கினால் ஆறு தர வேண்டும், 'ஃபைவ் சிக்ஸ்' என்றே பெயர். வந்த வருடம் கலினான் பக்கம் ஒரு தோட்டம் பார்க்க பைக்கில் போனேன். வழி கேட்கலாம் என்று ஒரு பெட்டிக்கடை முன்னால் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதுதான் தாமதம், கடைக்கார அம்மாள் முகம் வெளிறி "உக்மா நா லாங், சார்" என்றார். நாளைக்கு வாங்க என்று அர்த்தம். நான் தவணை வசூலிக்க வந்தவன் இல்லை என்று புரியவைத்ததும் சிரித்துச் சிரித்து, ஒரு கோக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். சண்டைக்கு நிற்காதீர்கள், நீங்களும் சிரித்துவிடுங்கள்.

ஜீப்னி என்கிற பங்கு வண்டியில் ஏறினால் காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் "பாலிஹோக்" என்று நீட்டுங்கள். கை மாறி மாறி ஓட்டுநரிடம் போய் மிச்சமும் அப்படியே திரும்பி வரும். இறங்க "லுகார் லாங்". டாக்சிக்காரர்கள் ஒரு பேசோ மீதியையும் எண்ணித் தருவார்கள், அதில் இந்த ஊருக்குப் பெருமை. பொது இடத்தில் சிகரெட் கூடாது, நள்ளிரவு தாண்டினால் மது விற்பனை நின்றுவிடும், நகருக்குள் கார் வேகத்துக்கும் கட்டுப்பாடு. பல வருடம் மேயராக இருந்த டுடெர்டே காலத்துச் சட்டங்கள். அவர் பேச்சு எடுத்தால் டாக்சியில் வாயைத் திறக்காதீர்கள், எந்தப் பக்கம் பேசினாலும் வீடு போய்ச் சேரும்வரை முடியாது.

புயல் பெரும்பாலும் வடக்கே போய்விடும், நிலநடுக்கம்தான் நமக்கு. 2019-இல் அக்டோபரில் மூன்று, டிசம்பரில் ஒன்று, எல்லாமே ஆறு புள்ளிக்கு மேல். அடுக்குமாடியில் வீடு பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

பண்டிகைக்கு வருவோம். முருகனும் பிள்ளையாரும் வீட்டு அலமாரியில்தான். தீபாவளி கொண்டாடலாம், பட்டாசு மட்டும் கிடையாது. 2002 முதல் நகருக்குள் தடை, கம்பி மத்தாப்புக்கும் சேர்த்து. என் மகள் அழுத அழுகையில் ஒரு வருடம் எங்கிருந்தோ ஒரு மத்தாப்புப் பெட்டி வாங்கிவந்து கொல்லையில் ஒன்றே ஒன்று கொளுத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா வாளித் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டார். புத்தாண்டு ராத்திரியிலும் வெடி இல்லை. ஊரே 'தொரொதொத்' என்ற காகிதக் குழலை ஊதிக் காதைக் கிழிக்கும். பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குக் குதிப்பார்கள், குதித்தால் உயரமாவார்களாம்.

பொங்கலுக்கு ஈடாக ஆகஸ்டில் கதாயாவான். அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா, 1988 முதல் இந்தப் பெயர். மலைவாழ் மக்களும் முஸ்லிம் குழுக்களுமாகப் பதினோரு பழங்குடிகள், தெருவெல்லாம் ஆட்டம், பூ ரதம், பழம். கூட்டத்தில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடியலுக்கு முன்பே தேவாலயத்தில் பூசை. நாலு மணி இருட்டில் தெருவெல்லாம் காலடிச் சத்தம், வெளியே வாழையிலையில் வைத்துச் சுட்ட பிபிங்கா என்ற அரிசிமாவு அப்பத்தின் வாசனை. தேதியைப் பாருங்கள், மார்கழி பிறக்கிற நாள். முதல் வருடம் போர்வைக்குள் படுத்தபடி அந்த நடமாட்டத்தைக் கேட்டு, சின்னமனூரில் இருக்கிறேன் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். இப்போது நானும் எழுந்து போகிறேன். என் மனைவி வாசலில் கோலம் போடுவாள், பூசைக்குப் போகிறவர்கள் மிதிக்காமல் சுற்றிப் போவார்கள்.

பெட்டியில் என்ன எடுத்துவருவது? உளுந்தும் பெருங்காயமும் போதும். மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருப்பதால் இந்திய மளிகை இங்கேயே கிடைக்கும், விலைதான் கூட. இட்லி அரிசி சுமக்காதீர்கள், இந்த ஊர் புகாஸிலேயே மாவு நன்றாகப் பொங்குகிறது. தோட்டத்துக்குப் போட்டுவந்த பழைய பூட்ஸை அங்கேயே விட்டுவிடுங்கள், வாடல் நோய் மண்ணோடு ஒட்டிவரும், உங்களுக்குத் தெரியாததா. கறிவேப்பிலைக் கன்றையும் துணிக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுவர வேண்டாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். என் வீட்டில் இரண்டு மரம் நிற்கிறது. வந்து இறங்கியதும் சொல்லுங்கள், ஒரு பை நிறையக் கிள்ளிவைக்கிறேன்.