ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் நலத்துறைக்குப் பழங்குடி அமைச்சர் எப்போது வந்தார்?

2019-இல்தான். பழங்குடியினருக்கெனச் சட்டமியற்றும் அதிகாரம் நெடுங்காலம் மாநிலங்களிடமே இருந்தது. 1967-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரவளித்த பிறகே அது கூட்டாட்சி அரசுக்கும் கிடைத்து, மறு ஆண்டு வில்லியம் வென்ட்வொர்த் அப்பொறுப்பின் முதல் அமைச்சரானார். ஆனால், தம் மக்களைப் பற்றி முடிவெடுக்கும் அந்த நாற்காலியில் பழங்குடியினர் ஒருவர் அமர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்தத் தாமதத்தைச் சிறிய செய்தியாக என்னால் கடந்து செல்ல முடியவில்லை. அவ்வாறு முதலில் அமர்ந்த கென் வயாட், 2010-இல் தம் முதல் நாடாளுமன்ற உரையின்போது, நூங்கார் என்னும் பழங்குடியின் மூத்தோர் அளித்த கங்காருத் தோல் மேலங்கியை அணிந்து நின்றவர். பின்னர் லிண்டா பர்னி 2022-லும், மலார்ன்டிரி மெக்கார்த்தி 2024-லும் பொறுப்பேற்றனர். பர்னியின் காலத்தில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் பழங்குடியினர் குரல் அமைப்புக்கான பொதுவாக்கெடுப்பு, 2023 அக்டோபர் 14 அன்று ஆறு மாநிலங்களிலும் தோற்றது.