போர்ட் ஸ்கேன்: பதில் வராததும் ஒரு தகவல்தான்

கேள்வி: சார், சர்வருக்குள் நுழையாமலே எந்தப் போர்ட் (புரோகிராம்கள் இணைப்புக்குக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று என்மேப் என்ற ஸ்கேன் கருவி எப்படிச் சொல்கிறது?

பதில்: டிசிபி இணைப்பு மூன்று படிகளில் தொடங்கும். நாம் சின் (இணையலாமா என்று கேட்கும் பாக்கெட், அதாவது சிறு தகவல் துண்டு) அனுப்புவோம், எதிர்ப்பக்கம் சின்-ஆக் (சரி என்ற பதில்) தரும், நாம் ஆக் (பதில் கிடைத்தது என்ற உறுதி) அனுப்பினால் இணைப்பு அமையும். ஸ்கேனர் முதல் படியோடு நின்று பதிலைக் கவனிக்கிறது. சின்-ஆக் வந்தால் அங்கே ஒரு புரோகிராம் காத்திருக்கிறது, போர்ட் திறந்தது. ரீசெட் (இணைப்பு மறுப்பு) வந்தால் மூடியது. இந்தப் பாதி இணைப்பு முறைக்கு ரூட் (நிர்வாகி) அனுமதி தேவை. அது இல்லாவிட்டால் என்மேப் மூன்று படியையும் முடிக்கும்; சர்வர் லாகில் பதிவாகும் வாய்ப்பும் கூடும்.

கேள்வி: அண்ணா, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 3306 போர்ட்டுக்கு ‘ஃபில்டர்டு’ என்று வந்தது. மூடியது என்றே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மூடிய போர்ட் ரீசெட் அனுப்பி ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்லிவிடும். ஃபில்டர்டு என்றால் பெரும்பாலும், திரும்பத் திரும்பக் கேட்டும் பதிலே இல்லை என்று அர்த்தம். வழியில் ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்கும். அதற்குப் பின்னால் மைஎஸ்க்யூஎல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். அதே சர்வரை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பார்த்தால் அந்தப் போர்ட் திறந்து கிடக்கலாம். அதனால் அறிக்கையில் எங்கிருந்து ஸ்கேன் செய்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: யுடிபி ஸ்கேன் ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லையே?

பதில்: முடியாதுதான். யுடிபி என்பது இணைப்பு அமைக்காமலே தகவல் அனுப்பும் முறை; அதில் சின்-ஆக் போன்ற ஏற்பாடே கிடையாது. மூடிய போர்ட்டிலிருந்து ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைச் சொல்லும் முறை) மூலம் ‘போர்ட் அன்ரீச்சபிள்’ வரும். திறந்த போர்ட் பல நேரம் பேசவே பேசாது. அந்த ஐசிஎம்பி பதிலையும் லினக்ஸ் சாதாரணமாக விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று என்று கட்டுப்படுத்துகிறது. 65,536 போர்ட்டுக்குக் கணக்குப் போடுங்கள், 18 மணி நேரத்தைத் தாண்டும். முதலில் 53 (பெயர் தேடும் டிஎன்எஸ்), 123 (நேரம் சரிசெய்யும் என்டிபி), 161 (சாதனங்களைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி) மட்டும் பாருங்கள்.

கேள்வி: எஸ்எஸ்எச்சை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வசதி) 50022 போர்ட்டுக்கு மாற்றினேன். ஸ்கேனில் தெரியவில்லை. பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. வரம்பு சொல்லாவிட்டால் என்மேப் அதிகம் புழங்கும் 1,000 போர்ட்டை மட்டுமே பார்க்கும். முழு வரம்பையும் கொடுத்தால் உங்கள் 50022 வந்துவிடும்.

கேள்வி: பழகிப் பார்க்க எங்கே ஸ்கேன் செய்யலாம் சார்?

பதில்: என்மேப் குழுவே ‘ஸ்கேன்மீ’ என்ற சர்வரை இதற்காக விட்டுவைத்திருக்கிறது, அளவோடு பயன்படுத்துங்கள். கல்லூரி சர்வர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். அதைவிட நல்ல பயிற்சி, வீட்டில் இரண்டு லேப்டாப். ஒன்றில் லினக்ஸின் ‘எஸ்எஸ்’ கட்டளையால் காத்திருக்கும் போர்ட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் மற்றொன்றிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். பட்டியலில் இருந்தும் ஸ்கேனில் வராத போர்ட் 127.0.0.1இல் (அந்த லேப்டாப்புக்குள்ளிருந்து மட்டுமே எட்டும் முகவரி) மட்டும் காத்திருக்கிறதா, ஃபயர்வால் மறைக்கிறதா என்று தேடுங்கள்.