எண்ணெய் தேய்க்கலாம், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் தங்கைக்கு 31 வயது. நான்கு ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். ஃபிங்கோலிமாட் மாத்திரை சாப்பிடுகிறாள். பாலக்காட்டுப் பக்கம் 28 நாள் ஆயுர்வேத சிகிச்சையில் முழுக்கக் குணமாகும், இங்கிலீஷ் மருந்தை முதல் நாளே நிறுத்த வேண்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போகலாமா?

பதில்: போகலாம், மாத்திரையோடு. நான் ஆயுர்வேத மருத்துவர்தான். உடலின் காவல் அணுக்களே நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய் இது. எங்கள் நூல்களில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது; வாதநோயாகக் கொண்டு வைத்தியம் பார்க்கிறோம். எண்ணெய்த் தேய்ப்பும் வஸ்தியும் (ஆசனவாய் வழியே மருந்து செலுத்துவது) தசை இறுக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் ஆறுதல் தரும். அரித்த உறையை வளர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஃபிங்கோலிமாட்டைச் சட்டென நிறுத்தினால் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பக்கூடும். முக்கியமான விதிவிலக்கு, தங்கை குழந்தைக்குத் திட்டமிட்டால். கருத்தரிக்க இரண்டு மாதம் முன்பே இதை நிறுத்தியாக வேண்டும். அதையும் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இடையில் என்ன மருந்து என்பதையும் அவரே முடிவு செய்வார். திருமணப் பேச்சு நடந்தாலும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தவருக்கு இதில் வேலையில்லை.

ஆவிப்பெட்டி வேண்டவே வேண்டாம். உடல் சூடேறினால் இந்நோயில் பார்வை மங்கும், கால் துவளும், குளிர்ந்தால் சரியாகும். அதைக் 'கழிவு வெளியேறுகிறது' என்று சொல்லி மறுநாளும் உட்கார வைப்பார்கள்.

லேபிள் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். பாதரசம், ஈயம், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கலாம். 'எதிர்ப்பு சக்தி கூடும்' என்று அமுக்கராவும் சீந்திலும் தருவார்கள். இங்கே எதிர்ப்பு சக்தி தடம் மாறித் துள்ளுவதுதானே நோய்! இரண்டும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. ஃபிங்கோலிமாட்டுக்கே கல்லீரல் பரிசோதனை தேவை. போகும் முன்னும் வந்த பின்னும் ரத்தம் பாருங்கள்.

இன்னொன்று, பலருக்கு இந்த நோய் சீறும், சில வாரங்களில் தானே தணியும். 28 நாள் அற்புதத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான். பேக்கேஜுக்கு ஆள் பிடிப்பவருக்குக் கமிஷன் இருக்கலாம். உங்களவருக்கு உண்டா, எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். மூளை நோயையும் பக்கவாதத்தையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். எழுபது வருஷமாகியும் சாலையோரப் பலகையை இறக்க ஓர் அதிகாரிக்கும் ஏணி கிடைக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வைத்தியரிடம், அதைப் பதிவு எண்ணும் கையெழுத்தும் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.