ஈயத் தகடு மஞ்சள் பையில் போகலாமா?

கேள்வி: ஒற்றை நாற்காலி பல் கிளினிக். இன்னும் ஃபிலிம் எக்ஸ்ரேதான். ஃபிலிம் பாக்கெட்டில் வரும் ஈயத் தகட்டை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுகிறோம். சேர்த்து வைக்கலாம் என்றால், 48 மணி நேரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது என்கிறார்கள். பழைய ஃபிக்ஸரை (ஃபிலிமில் படத்தை நிலைக்கச் செய்யும் கரைசல்) காசு கொடுத்து வாங்க ஒருவர் வருகிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் தகட்டை மஞ்சள் பையில் போடுவதை நிறுத்துங்கள். அந்தப் பை எரியுலைக்குப் போகிறது. ஈயம் எரிந்து அழியாது. புகையிலும் சாம்பலிலும் வெளியே வரும். பாக்கெட்டைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டுப் பிரித்தால் தகடு எச்சில் படாமல் கிடைக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள். பிளாஸ்டிக் உறை சிவப்புப் பைக்கு. கறுப்புத் தாளில் எச்சில் பட்டிருந்தால் மஞ்சள் பைக்கு.

அந்த 48 மணி நேரக் கணக்கு உங்களை வீணாகப் பயமுறுத்துகிறது. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் அது உடல் உறுப்பு, ரத்தம் தோய்ந்த பஞ்சு போன்று அழுகக்கூடியவற்றுக்கு. பல் பிடுங்கிய பஞ்சுக்கு அது கண்டிப்பாகப் பொருந்தும், தகட்டுக்குப் பொருந்தாது. தகடு அபாயகரக் கழிவு விதிகளில் வருகிறது. அங்கே 90 நாள் வைத்திருக்கலாம். உங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித் தரலாம். ஆனால் தானாக நீளாது, எழுதிக் கேட்க வேண்டும்.

ஃபிக்ஸர் வாங்க வருபவரிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. அவருக்கு வேண்டியது அதில் கரைந்திருக்கும் வெள்ளி, லிட்டருக்குச் சில கிராம். இரும்புக் கம்பிச் சுருளைப் போட்டு வெள்ளியைப் படிய வைத்துவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரியத்தின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். ஜிஎஸ்டி எண், விசிட்டிங் கார்டு எதுவும் அதற்கு ஈடாகாது. கடிதத்தில் கழிவின் பெயரும் காலாவதித் தேதியும் பார்த்து, நகல் வாங்கி, அளவு எழுதிய ரசீதோடு கொடுங்கள். அனுமதி இல்லாதவரிடம் கொடுத்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஃபிக்ஸருக்குப் பிளாஸ்டிக் கேன்தான். உலோகப் பாத்திரம் அரித்துவிடும். ஃபிலிமில் படத்தைத் தெரிய வைக்கும் கரைசலான டெவலப்பருக்குத் தனிக் கேன். இரண்டையும் கலந்தால் டெவலப்பரின் காரத்தில் அமோனியா கிளம்பும், சின்ன அறையில் கண் எரியும். இரண்டும் வாஷ்பேசினில் போகக் கூடாது. தேதி கடந்த ஃபிலிம் பெட்டிகளையும் குப்பையில் வீசாதீர்கள், கழுவாத ஃபிலிமில் முழு வெள்ளியும் அப்படியே இருக்கிறது.

அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர் அரைக் கிலோ தகட்டுக்கு வண்டி அனுப்ப மாட்டார். வாரம் முழுக்க வரும் மருத்துவக் கழிவு வண்டியே இதையும் தனி டப்பாவில் எடுத்துப்போக வாரியம் ஏற்பாடு செய்துவிட்டால் முடிந்தது. அதைச் செய்யாமல் விதியை மட்டும் காட்டுவது நியாயமே இல்லை. அதுவரை, உங்கள் ஊர் பல் மருத்துவர் சங்கக் கிளையில் பேசி, பத்துப் பதினைந்து கிளினிக்குகள் சேர்ந்து ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். ரசீது மட்டும் ஒவ்வொரு கிளினிக் பெயரிலும் தனித்தனியாக இருக்கட்டும்.