லாரவெலில் எல்லா ரூட்டையும் லொகினுக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இது: கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு, பிஎச்பியில் வலைச் செயலிகள் கட்டும் லாரவெல் 11இல் ஓடர் எடுக்கும் செயலி. ஒவ்வொரு ரூட்டிலும், அதாவது செயலியின் ஒவ்வொரு முகவரியிலும், வருபவர் லொகின் செய்தவரா என்று முதலில் சோதிக்கும் 'ஓத்' மிடில்வெயாரைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனாலும் லொகின் செய்யாத ஒருவர் இன்வொய்ஸ் 57இன் முகவரியை நேரே அடித்தால் பக்கம் திறக்கிறது. எல்லா ரூட்டையும் ஒரே குழுவுக்குள் போட்டால் லொகின் பக்கமே வருவதில்லை.

தனித்தனியாகப் போட்டால் பிறகு சேர்க்கும் ஏதாவது ஒரு ரூட் விடுபட்டே தீரும். முழுவதையும் 'ஓத்' குழுவுக்குள் மூடிவிட்டு, திறந்திருக்க வேண்டியவற்றை மட்டும் வெளியே எடுங்கள். லொகின் படிவம், அதை அனுப்பும் போஸ்ட் ரூட், கடவுச்சொல் மீட்பு ஆகியவை குழுவுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். லொகின் பக்கம் உள்ளே இருந்தால் 'ஓத்' லொகினுக்கு அனுப்பும், அங்கேயும் 'ஓத்' நின்று மறுபடி லொகினுக்கு அனுப்பும். அந்தச் சுற்றில்தான் உங்கள் உலாவி நின்றுபோகிறது. லொகின் ரூட்டுக்கு 'லொகின்' என்ற பெயரும் கொடுத்திருங்கள். 'ஓத்' அந்தப் பெயரைத்தான் தேடும்.

ரூட்களைத் தனிக் கோப்புக்கு மாற்றி, பூட்ஸ்ட்ராப் கோப்புறையின் ஆப் கோப்பில் இணைப்பதானால் 'வெப்', 'ஓத்' இரண்டையும் கொடுங்கள். 'வெப்' இல்லாவிட்டால், லொகின் செய்தவர் யார் என்பதை நினைவில் வைக்கும் செஷன் தொடங்காது. சரியான கடவுச்சொல்லுடன் லொகின் செய்தவரும் திரும்பத் திரும்ப லொகின் பக்கத்துக்கே போவார்.

பேஹியர் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகப் பணம் எடுப்பதானால், பணம் செலுத்தியதை அது அறிவிக்கும் நோட்டிஃபை முகவரியும் வெளியே இருக்க வேண்டும். அங்கே வருவது பேஹியரின் சேர்வர். அதற்கு லொகின் கிடையாது. 'ஓத்' போட்டால் 302 (வேறு முகவரிக்குப் போ என்ற பதில்) வாங்கிக்கொண்டு போய்விடும். வாடிக்கையாளரின் பணம் கழிந்திருக்கும், ஓடர் நிலுவையிலேயே கிடக்கும். கோரிக்கை உங்கள் தளத்தின் படிவத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனையிலிருந்தும் அந்த ஒரு முகவரிக்கு விலக்குக் கொடுங்கள், இல்லையேல் 419 பிழை வரும். பூட்டை எடுத்த இடத்தில் வேறு சோதனை வேண்டுமே: வரும் எம்டி5 கையொப்பத்தை, பேஹியர் உங்களுக்குத் தந்த இரகசியச் சொல்லான மேர்ச்சன்ட் சீக்ரட்டை வைத்து நீங்களே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அது பொருந்தி, நிலைக் குறியீடு 2 (வெற்றி) ஆகவும் தொகை உங்கள் ஓடருக்குச் சமமாகவும் இருந்தால் மட்டும் 'செலுத்தப்பட்டது' என்று பதியுங்கள்.

உங்கள் கேள்வியில் வராத, ஆனால் இதைவிட மோசமான ஓட்டை ஒன்று உண்டு. இன்வொய்ஸ் பிடிஎஃப்களை 'ஸ்டோரேஜ்' கோப்புறையின் 'பப்ளிக்' பகுதியில் சேமித்து, அந்தப் பகுதியை இணையத்துக்குத் திறந்துவிடும் ஸ்டோரேஜ் லிங்க் கட்டளை ஓட்டியிருந்தால், அவற்றை வெப் சேர்வரான என்ஜினெக்ஸே நேரடியாகக் கொடுத்துவிடும். கோரிக்கை பிஎச்பிக்கு வருவதே இல்லை. எந்த மிடில்வெயாரும் ஓடாது. கோப்பின் பெயர் 57 என்றால் 58ஐ ஊகிக்க யாருக்கும் ஒரு நொடி போதும். பிடிஎஃப்களை 'பிரைவேட்' பகுதிக்கு மாற்றி, குழுவுக்குள் உள்ள டவுன்லோட் ரூட் வழியாகவே கொடுங்கள். பழைய பிரதிகளை அழிக்க மறக்காதீர்கள்.

'ஓத்' பார்ப்பது ஆள் லொகின் செய்திருக்கிறாரா என்பதை மட்டும். வாடிக்கையாளர்களும் லொகின் செய்யும் செயலி என்றால், ஒரு கடைக்காரர் எண்ணை மாற்றி அடுத்த கடைக்காரரின் விலையைப் பார்க்கலாம். மொத்த வியாபாரத்தில் ஆளுக்கொரு விலை போவதால் இது சிறிய விஷயமல்ல. இன்வொய்ஸை நேரே எண்ணால் தேடாமல், லொகின் செய்தவருடைய இன்வொய்ஸ்களுக்குள் தேடுங்கள். அவருடையது இல்லையென்றால் 404.

முடித்தபின் லாரவெலின் கட்டளைக் கருவியான ஆர்ட்டிசனின் ரூட் லிஸ்ட் கட்டளையை 'வி' தெரிவுடன் ஓட்டினால் ஒவ்வொரு ரூட்டின் கீழும் அதன் மிடில்வெயார்கள் தெரியும். 'ஓத்' இல்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'அப்' என்ற நலச்சோதனை ரூட் அங்கே இருந்தால் பயப்பட வேண்டாம், அது லாரவெல் தானே வைப்பது. சேர்வரில் ரூட் கேஷ் (ரூட்களின் சேமித்த பிரதி) போட்டிருந்தால் அதை மறுபடி கட்டும்வரை பழைய ரூட்களே ஓடும். கடைசியாக, குக்கி எதுவும் இல்லாமல், கட்டளை வரியிலிருந்து முகவரியைக் கேட்கும் கேர்ளில் இன்வொய்ஸ் 57ஐக் கேளுங்கள். 302உடன் லொகின் முகவரி வந்தால் பூட்டு விழுந்துவிட்டது. ஜேசன் வேண்டும் என்ற அக்செப்ட் ஹெடருடன் கேட்டால் 401 (லொகின் தேவை) வர வேண்டும். 200 (பக்கம் கிடைத்தது) வந்தால் அந்த ரூட் இன்னும் குழுவுக்கு வெளியேதான் இருக்கிறது.